ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிக்கலாமா?

திண்டுக்கல்லில் வெயில் தலைகாட்டினால் போதும். இரண்டு கடைகளில் கூட்டம் அலைமோதும். ஒன்று சர்பத் கடை. இன்னொன்று கார் ஏ.சி. கடை!

பழைய கார்க்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

"அண்ணே, ஏ.சி.யில அனல் காத்துதான் வருது. கேஸ் தீந்து போச்சு போல. கொஞ்சம் அடிச்சு விடுங்க" என்பார்கள்.

கேஸ் அடிப்பார்கள். ஜில்லென்று காற்று வரும். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். ஆடி பிறப்பதற்குள் அதே கடை வாசலில் மறுபடியும் நிற்பார்கள்!

நானும் அப்படி நின்றவன்தான். என் காருக்கு வயது 18. போன வருஷம் ஒரே கோடையில் மூன்று தடவை கேஸ் அடித்தேன். தடவைக்கு 2 ஆயிரம் ரூபாய். மூன்றாவது தடவை அடித்த சில வாரத்தில், உடம்பு சரியில்லாத அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கொடைரோடு தாண்டவில்லை. உள்ளே அனல்! கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை.

"ஏம்ப்பா, இதுக்கா ஆறாயிரம் குடுத்தே?" என்று அம்மா கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் விசாரித்தேன். தெரிந்துகொண்டது ஒரே விஷயம்.

கேஸ் தீராது!

பெட்ரோல் எரியும், தீரும். ஏ.சி. கேஸ் எரிவதே இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரசர் அதை அழுத்தும். காரின் முன்பக்கம் இருக்கும் கண்டென்சரில் சூட்டை வெளியே விடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்கு வந்து, உள்ளே உள்ள சூட்டை உறிஞ்சும். மறுபடியும் கம்ப்ரசருக்கே போகும். அவ்வளவுதான்.

ரப்பர் குழாய் வழியாக வருஷத்துக்குக் கொஞ்சம் கசிவது சகஜம். ஆனால் மூன்று மாதத்தில் காலி என்றால் என்ன அர்த்தம்? எங்கோ ஓட்டை என்று அர்த்தம்!

சைக்கிள் டியூப் பஞ்சர். கடைக்காரர் பஞ்சர் ஒட்டாமல் காற்றை மட்டும் அடித்துக் கொடுத்துக் காசு கேட்கிறார். சும்மா விடுவோமா? சண்டைக்குப் போக மாட்டோமா? காரில் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு வருகிறோம்?

யார் மேல் தப்பு?

"எல்லாம் மெக்கானிக் செய்கிற ஏமாற்று" என்று சொல்லிவிடலாம். அது முழு நியாயம் ஆகாது. பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"சார், ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும். அதுக்குக் கூலி கேட்டா, 'சும்மா கேஸ் அடிக்கிறதுக்கு இவ்வளவா?'ன்னு பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க. அப்புறம் நான் மட்டும் நேர்மையா இருந்து என்ன பண்றது?" என்றார்.

சுருக்கென்று இருந்தது. நானே அப்படி ஒரு கடையிலிருந்து எழுந்து வந்தவன்தானே!

ஆக, குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. சீக்கிரம் வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்கிறோம். மூன்று தடவை மலிவாகக் கொடுப்பது, ஒரு தடவை சரியாகக் கொடுப்பதைவிட அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

ஏ.சி. குளிரவில்லை என்றால் உடனே கேஸ்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம். கண்டென்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். நம் ஊர்ப் புழுதி அடைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ்தான் குறைவு என்றால் ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினால் பெரிய கசிவு குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கேஸோடு ஆயிலும் கசியும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சந்தேகம் வைக்கலாம். சில சமயம் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினாலே போதும்!

ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்பு போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் பாகங்களை அரிக்கும். கடைசியாகத்தான் கேஸ். அதையும் கண்மதிப்பில் அல்ல, தராசில் எடை போட்டு! எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். குறைந்தால் குளிராது. கூடினால் கம்ப்ரசருக்கு ஆபத்து.

மலிவுச் சரக்கும் வேண்டாம். 2011-ல் சரக்குக் கப்பல்களின் குளிர்பெட்டிகளில் கலப்படக் கேஸ் ஏற்றப்பட்டு, அவை வெடித்தன. வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் செத்தார்கள்!

பஸ்ஸில் போகிறவருக்கு என்ன?

"எங்கிட்ட காரே இல்லையே" என்று சொல்லும் வாசகரே, கொஞ்சம் பொறுங்கள். கசிந்த கேஸ் எங்கே போகிறது? நம் எல்லோர் தலைக்கு மேலேதான்.

அந்தக் காலக் கார்களில் இருந்தது ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2008-ல் நம் நாடு அதன் உற்பத்தியையே நிறுத்தியது. ஆர்-12-க்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. அது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். கரியமில வாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு! ஒரு காரில் இருக்கும் அரை கிலோ கேஸைக் காற்றில் விட்டால், சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வெயிலுக்குப் பயந்து ஏ.சி. போடுகிறோம். அதன் ஓட்டையாலேயே வெயிலை வளர்க்கிறோம். இது என்ன கூத்து!

கடையில் கலர் பாட்டில் அடுக்கும் பிரிட்ஜுக்கும் இதே விதிதான். கேஸ் போனால் ஓட்டை என்று அர்த்தம். கடைக்காரர்களும் கவனிக்க.

அரசு என்ன செய்ய வேண்டும்?

2019-ல் மத்திய அரசு குளிரூட்டும் துறைக்கு ஒரு செயல் திட்டம் போட்டது. ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்றது. நல்ல திட்டம். ஆனால் பயிற்சி பட்டறைக்குப் பட்டறை வந்தால்தானே பயன்? பழைய கேஸைக் காற்றில் விடாமல் பிடித்து வைக்கும் மிஷின் சின்னப் பட்டறைக்காரர் வாங்கும் விலையில் இல்லை. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து வாங்கினால் வங்கி கடன் கொடுக்கலாமே! பயிற்சி பெற்ற கடை என்று வாசலில் ஒரு போர்டு மாட்டினால், நாமும் தேடிப் போவோமே!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "கேஸ் அடிங்க" என்று சொல்லாதீர்கள். "ஓட்டையைப் பாருங்க, கூலி தர்றேன்" என்று சொல்லுங்கள்.

இந்தக் கோடையில் நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு ரப்பர் வளையம் மாற்றினார்கள். அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போனேன். கொடைரோடு தாண்டும்போது அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைச்சு வைப்பா" என்றார்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. ஒரு ஓட்டையைப் பூட்டவா நமக்குத் தெரியாது?