பட்டறைத் தொழிலாளரின் முதுகுவலி: சங்கத்தின் நிலைப்பாடு

பேருந்து, லாரிப் பட்டறைகளில் வரும் முதுகுவலிக்குத் தொழிலாளியின் உடல் பலவீனத்தைக் குறை சொல்வது தவறு. குனிந்தபடி, உடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பாரத்தைத் தூக்குவதே முதன்மைக் காரணம். கையை நீட்டித் தூக்கும்போது பாரத்தின் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் கீழ்முதுகெலும்பு வட்டுகளின் மேல் விழுகிறது. கூடவே உடம்பைத் திருப்பினால் ஆபத்து இன்னும் அதிகம்.

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் இப்படிப் பாரம் தூக்கும் வேலை கூடிவிடுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வெளியூர்ப் பேருந்துகளும் வேன்களும் இரவெல்லாம் வருகின்றன. பஞ்சரானால் சாலையோரத்தில், டார்ச் வெளிச்சத்தில்தான் டயர் கழற்ற வேண்டும். ரிம்மோடு சேர்ந்த பேருந்துச் சக்கரம் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோதான்.

ஆகவே, சக்கரத்தைத் தூக்கவே கூடாது, உருட்ட வேண்டும். தரையை உரசாத அளவுக்கு மட்டும் ஜாக்கியை ஏற்றி, டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பினால் ரிம்மின் ஓட்டைகள் ஸ்டட்டுக்கு நேராக வந்துவிடும். கை பிடித்துக் காட்டினால் போதும். இறுகிய நட்டுக்கு ஸ்பேனரில் நீண்ட பைப்பைச் செருகி, காலை ஊன்றி, உடல் எடையால் அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கியர்பாக்ஸ் இறக்க டிராலி ஜாக்கியோ செயின் பிளாக்கோ கட்டாயம். உதவிக்கு வந்த பையனை அடியில் படுக்கவைத்து நெஞ்சில் தாங்கச் சொல்லும் வழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும். இரவு உறக்கத்தில் வட்டுகள் நீரேறிப் பருத்திருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் கனத்த வேலை வேண்டாம். முக்காலியில் நெடுநேரம் குனிந்திருந்தவர் சற்று நிமிர்ந்து நடந்த பிறகே பாரத்தைத் தொட வேண்டும்.

இடுப்பு பெல்ட் இதற்கு மாற்றாகாது. நலமாக உள்ள தொழிலாளருக்கு அதை வலி தடுக்கும் சாதனமாகப் பரிந்துரைக்க முடியாது என்று மேற்சொன்ன நிறுவனமே 1994இல் அறிவித்தது. பெல்ட் வாங்கிக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று முதலாளிகள் கருதுவதைச் சங்கம் ஏற்காது.

ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்போருக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. விபத்துக்குப் பின் உதவுவதோடு, சிறு பட்டறைகள் டிராலி ஜாக்கியும் செயின் பிளாக்கும் வாங்க அந்த வாரியம் மானியம் தர வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை.

வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.