ஜங்லிகாட் துறைக்கு எட்டாத இட ஒதுக்கீடு

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் தன் கொடை என மோடி அரசு கொண்டாடியது. 1996இல் முதல் மசோதா வந்தபோது, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் தோழர் கீதா முகர்ஜி என்பதை ஆளுங்கட்சியினர் நினைவுகூர மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை என இரண்டு பூட்டுகளைப் போட்டே அச்சட்டத்தைப் பெற்றெடுத்தனர். 2024 மக்களவைக்கு வந்த 543 பேரில் பெண்கள் 74 பேர் மட்டுமே.

அந்தப் பூட்டுகள் திறந்தாலும் அந்தமானின் ஜங்லிகாட் துறையில் மீன் விற்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? தீவுகளுக்குச் சட்டமன்றமே கிடையாது. இல்லாத மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது சுழியம்தான். மக்களவைக்கு இருப்பது ஒரே தொகுதி. 1967 முதல் நேரடித் தேர்தல் நடந்துவரும் அத்தொகுதியிலிருந்து இதுவரை ஒரு பெண்கூடத் தில்லி சென்றதில்லை. துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளுமே ஆள்கின்றனர். அவர்கள் யாருடைய வாக்குக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர்.

எஞ்சியிருப்பது நகர்மன்றம். 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அங்கே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை உறுதி செய்தது. அது போராடிப் பெற்ற உரிமை; குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. ஆனால், 2023 மார்ச்சில் பா.ஜ.க. ஆதரவுடன் தெலுங்கு தேசத்தின் எஸ்.செல்வி போர்ட் பிளேர் நகர்மன்றத் தலைவரானபோது தலைநகரில் பேசப்பட்டது எது? ஆந்திராவில் இரு கட்சிகளும் மீண்டும் கைகோக்குமா என்பதே. ஒரு பெண் பெற்ற பதவியைக்கூடக் கூட்டணிக் கணக்கின் சில்லறையாகவே முதலாளித்துவக் கட்சிகள் எண்ணின.

இதைவிடக் கொடிய ஒரு மௌனமும் உண்டு. அந்தமான் நிக்கோபாருக்குப் பட்டியல் சாதிகள் என எந்தச் சாதியும் அறிவிக்கப்படவில்லை. தமிழகத்துக் கிராமத்திலிருந்து கடல் கடந்து வந்த தலித் குடும்பத்தின் சாதிச் சான்றிதழ், கப்பலிலிருந்து இறங்கியதும் அந்தத் தீவில் செல்லாக் காகிதமாகிறது. தீண்டாமை கடலில் கரைந்துவிட்டதா? ஆகவே பெண்களுக்கான இடங்களுக்குள்ளும் தலித் பெண்ணுக்கெனத் தனி இடமில்லை. பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அமைவது என்று 341ஆவது பிரிவைக் காட்டி அதிகார வர்க்கம் ஒதுங்கிக்கொள்கிறது. அதே பிரிவுதான் குடியரசுத் தலைவருக்கு அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தையும் வழங்குகிறது.

ருவாண்டா 2003இல் தன் அரசியல் சாசனத்திலேயே பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் என எழுதியது. 2008இல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றம் அங்கு அமைந்தது. அங்கும் ஜனநாயகம் முழுமையாக மலர்ந்துவிடவில்லை. ஆனால் கணக்கெடுப்பு முடியட்டும் என்று பெண்களைக் காக்க வைக்கவில்லை.

ஜங்லிகாட்டில் உடனடியாகக் கையிலெடுக்கத்தக்க ஆயுதம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. கூடை சுமக்கும் பெண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழு எங்கே என்று நகர்மன்ற வாயிலில் கேட்க, தில்லியின் மறுவரையறைக்காக எவரும் காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கேள்வியோடு பட்டியல் சாதி அறிவிக்கைக்கான கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெற வேண்டும்.