ஆக்டேன் என்பது பலம் அல்ல, பொறுமை!

திருமுருகன்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது உளிச் சத்தம்தான். சாலையோரச் சிற்பக் கூடங்களில் 'டிங்... டிங்...' என்ற சத்தத்தோடு கருங்கல்லுக்குள் இருந்து பிள்ளையாரும் நந்தியும் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருப்பார்கள். கேட்க இனிமையான சத்தம்.

கிட்டத்தட்ட இதே சத்தம் இன்னொரு இடத்திலும் கேட்கும். ஆனால் அங்கே கேட்கவே கூடாது. கார் இன்ஜினுக்குள்!

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பானட்டுக்கு அடியில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல 'டிக் டிக்' என்று கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். கல்லில் விழும் அடி சிலையாகிறது. பிஸ்டனில் விழும் அடி ஓட்டையாகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தச் சத்தத்தைத் தடுக்கத்தான் பெட்ரோலுக்கு ஆக்டேன் என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவினாசி ரோட்டில் டர்போ கார் ஓட்டும் இளைஞர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில் வேறு. "நம்பர் கூடினா பவர் கூடும்." 91-ஐ விட 95 பலசாலி, 95-ஐ விட 100 மகா பலசாலி என்ற எண்ணம். இது தவறு. இந்தத் தவறால் ஒரு பக்கம் பணம் வீணாகிறது. இன்னொரு பக்கம் இன்ஜினே போகிறது.

உள்ளே நடப்பது என்ன?

இன்ஜின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை அழுத்துகிறது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. தீ ஓர் ஓரத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுதான் நடக்க வேண்டியது.

ஆனால் எதையும் அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டு பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரொம்ப அழுத்தி, ரொம்பச் சூடாகிவிட்டால், தீ வந்து சேரும் வரை கடைசி மூலையில் இருக்கும் கலவை காத்திருக்காது. தானாகவே பற்றி வெடிக்கும். அதுதான் நாக்கிங்.

அப்படி அவசரப்பட்டு வெடிக்காமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். அதாவது அது பெட்ரோலின் பலத்தை அளப்பதில்லை. பொறுமையை அளக்கிறது!

இந்த அளவுகோல் 1920-களில் வந்தது. ஐசோ ஆக்டேன் என்ற பொருள் எளிதில் நாக் ஆகாது, அதற்கு 100. ஹெப்டேன் என்ற பொருள் உடனே நாக் ஆகும், அதற்கு 0. சோதனை இன்ஜினில் ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை போல நடந்துகொண்டால் அதன் ஆக்டேன் 91. இந்தக் கணக்கில் சக்தி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நூலில் செய்யாத தவறு

வேடிக்கை என்னவென்றால், திருப்பூர் வட்டாரத்தில் யாரும் இந்தத் தவறை நூலில் செய்வதில்லை. 60-ம் நம்பர் நூல் 30-ம் நம்பர் நூலை விட இரண்டு மடங்கு பலமா என்று கேட்டால், பனியன் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த பையன்கூடச் சிரிப்பான். நம்பர் கூடினால் நூல் மெலிசு. விலையும் கூடுதல். எந்த நூல் ஓட்டுவது என்பதை நிட்டிங் மெஷினின் கேஜும் தேவைப்படும் துணியின் எடையும்தான் முடிவு செய்யும். 30-ம் நம்பர் நூலுக்கு செட் செய்த மெஷினில் 60-ம் நம்பரைப் போட்டால் உயர்ந்த துணி வராது. சல்லடை போல ஏதோ ஒன்று வரும்.

இன்ஜினும் அப்படித்தான். எந்த ஆக்டேன் என்பதை முடிவு செய்வது ஓட்டுகிறவரின் ஆசை அல்ல, இன்ஜினின் அமைப்பு. அந்தக் காலத்து இன்ஜின்கள் கலவையை எட்டு, ஒன்பது மடங்குதான் அழுத்தின. இப்போது பத்து முதல் பன்னிரண்டு மடங்கு வரை சாதாரணம். டர்போ இருந்தால் காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே அனுப்புகிறது. இப்படிப்பட்ட இன்ஜின்களுக்குப் பொறுமைசாலிப் பெட்ரோல் தேவை. பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்கு 95 அல்லது 98 என்று கம்பெனி குறிப்பிடுவது இதனால்தான்.

கூடுதலாகப் போட்டால்?

91 போதும் என்று கம்பெனி சொன்ன காரில் 100 போட்டால் என்ன ஆகும்? கெட்டது ஒன்றும் ஆகாது. நல்லதும் பெரிதாக ஆகாது. பணம் மட்டும் போகும்.

எவ்வளவு போகும்? இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை முதலில் 10 நகரங்களில் அறிமுகம் செய்தபோது டெல்லியில் விலை லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதாப் பெட்ரோல் சுமார் 82 ரூபாய். 40 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் 3,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்!

"போட்டதும் வண்டி பறக்குது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக அர்த்தம் இல்லை. இன்றைய கார்களில் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. நாக்கிங் அதிர்வை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். அப்போது நாக்கிங் நிற்கும், பவரும் குறையும். சித்திரை வெயிலில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இது நிச்சயம் நடக்கும். அங்கே நல்ல ஆக்டேன் இருந்தால் கம்ப்யூட்டர் பவரைக் குறைக்க வேண்டியதில்லை. அதாவது இழந்திருக்க வேண்டியது இழக்கப்படவில்லை. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. கம்பெனி எழுதி வைத்த எல்லைக்கு மேல் எந்தப் பெட்ரோலும் அந்த இன்ஜினைக் கொண்டுபோகாது. நாக் சென்சார் இல்லாத பழைய காரிலோ, கார்புரேட்டர் பைக்கிலோ இந்தச் சின்ன லாபத்துக்கும் வழியில்லை.

குறைவாகப் போட்டால்?

இதுதான் ஆபத்தான பக்கம். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் காரில் ஒருமுறை குறைந்த ஆக்டேன் போட்டுவிட்டால் நாக் சென்சார் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். பவரும் மைலேஜும் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

ஆனால் 'ரீமேப்' செய்த கார்களின் கதை வேறு. கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, பொறியையும் முன்னே இழுத்து வைத்திருப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்த இடைவெளியை எல்லாம் ட்யூனர் ஏற்கெனவே செலவழித்துவிட்டார். 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு மட்டும்தானே" என்று சாதாப் பெட்ரோலைப் போட்டு பைபாஸில் மிதித்தால், சென்சார் சுதாரிப்பதற்குள் பிஸ்டன் அடி வாங்கிவிடலாம். ரீமேப்புக்குப் பல ஆயிரம் செலவழித்தவர்கள் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதை என்னவென்று சொல்வது?

ரீமேப் செய்யப் போகிறவர்கள் ட்யூனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை குதிரை கூடும்?" என்பது அல்ல. "இந்த மேப்புக்கு எந்த ஆக்டேன்? அது கிடைக்காத ஊரில் என்ன செய்வது?" என்பதே. உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. கோயம்புத்தூரில் நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் தாராபுரம் தாண்டி எங்கோ டேங்க் காலியாகத்தான் போகிறது. அதனால் சுற்றுவட்டாரத்தில் எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஐந்து குதிரை குறைந்தால் குடி முழுகிவிடாது.

அமெரிக்கக் கணக்கு வேறு

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 87 என்பது சாதா, 93 என்பது உயர்ரகம். அதைப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரனே 93-தான் போடுகிறான், இங்கே 91 என்றால் கிட்டத்தட்ட அதேதானே" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள்.

இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சொல்வது ஆர்.ஓ.என். எனப்படும் எண். அமெரிக்க பம்ப்பில் எழுதியிருப்பது, ஆர்.ஓ.என்னுக்கும் அதைவிடக் கடுமையான சோதனையில் வரும் எம்.ஓ.என்னுக்கும் இடைப்பட்ட சராசரி. எனவே அவர்களின் 87 ஏறத்தாழ நம் 91. அவர்களின் 93 ஏறத்தாழ நம் 98! அடியை மீட்டர் என்று நினைத்துத் துணி வெட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

எத்தனால் சொல்லும் சாட்சி

ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு இப்போது ஒவ்வொரு பங்கிலும் சாட்சி இருக்கிறது. அது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ-20 பெட்ரோல். 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-ல் நாடு முழுக்கப் பரவியது.

எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108. பெட்ரோலை விட மிக அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் இருப்பதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஈ-20 வந்தபோது ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது! ஈ-20-க்காக வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. ஆக்டேன்தான் பலம் என்றால் மைலேஜ் கூடியிருக்க வேண்டாமா?

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் முன்பு 88 ஆக இருந்து, பிறகு 91 ஆகி, 20 சதவீத எத்தனாலால் 95-ஐ எட்டியிருக்கிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அப்படியானால், 95 தேவைப்படும் காருக்கு சாதா பெட்ரோலே போதுமா? பக்கத்து பம்ப்பில் கூடுதல் விலைக்கு விற்கும் '95' எதற்கு? அதில் இன்ஜினைச் சுத்தம் செய்யும் ரசாயனம் சேர்த்திருக்கலாம். அதற்கு ஒரு மதிப்பும் இருக்கலாம். ஆனால் அது ஆக்டேனுக்கான விலை அல்ல.

வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? சாதா பெட்ரோல் பம்ப்பின் மேல் பெரும்பாலும் எந்த எண்ணும் இருப்பதில்லை. விலை இருக்கிறது, லிட்டர் இருக்கிறது, '0 பார்த்துக்குங்க' என்ற குரலும் இருக்கிறது. ஆக்டேன் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு பம்ப்பிலும் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆக்டேன் எழுதியே ஆக வேண்டும் என்பது சட்டம். திருப்பூரில் தைக்கும் பனியனின் கழுத்துப் பட்டியில்கூட எத்தனை சதவீதம் பருத்தி, எத்தனை சதவீதம் பாலியஸ்டர் என்று எழுதியிருக்கிறது. லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஆக்டேன், எத்தனால் சதவீதம் இரண்டையும் ஒவ்வொரு நாசிலுக்கு மேலும் பெரிதாக எழுத வேண்டும். கேட்க வேண்டியது சலுகை அல்ல, தகவல்.

ஆக, எதைப் போடுவது?

பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்தையும் காரோடு வந்த கையேட்டையும் பாருங்கள். 'குறைந்தபட்சம்' என்று இருக்கும் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. 'பரிந்துரை' என்று தனியாக இன்னொரு எண் இருந்தால், மலைப் பயணத்துக்கும் கோடைக்கும் அதைப் போடலாம். அதற்கு மேல் போடுவது அவரவர் ஆசை. ரீமேப் செய்திருந்தால் கையேடு செல்லாது, ட்யூனர் சொன்ன எண்தான் சட்டம். அந்த எண் கிடைக்காத அன்று, காலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓட்டுவதே வைத்தியம்.

பூண்டிக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. சேரமான் பெருமாளிடம் பெற்ற பரிசுப் பொருள்களோடு வந்த சுந்தரரை, சிவபெருமான் அனுப்பிய பூத கணங்கள் வேடர் உருவில் வந்து வழிமறித்துக் கொள்ளையடித்தன. சுந்தரர் கோயிலுக்கு வந்து பாடினார், பறிபோனது எல்லாம் திரும்பக் கிடைத்தது.

பங்கில் தேவையில்லாமல் கொடுத்த காசு அப்படித் திரும்பாது. எவ்வளவு பாடினாலும்! அதனால் மூடியைத் திறந்து ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.