போலிக்கு ஒரு பரிந்துரை

ஆழ்வார்பேட்டையில் தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாக எழும்பி வரும் இந்நாளில், வீட்டைக் காலி செய்கிற குடும்பம் எதைப் பெட்டியில் கட்டுகிறது, எதைக் காயலான் கடைக்காரரின் வண்டியில் ஏற்றுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்தால், எதை நாம் சரித்திரம் என்று மதிக்கிறோம் என்பது ஒருவாறு விளங்கும். தாத்தாவின் சாய்வு நாற்காலியும் பாட்டியின் வெண்கலப் பானையும் வெகு ஜாக்கிரதையாகப் புது ஜாகைக்குப் பிரயாணமாகின்றன. பரணிலிருந்து இறங்கும் டிவி கேம் பெட்டியும், ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிய மஞ்சள் நிறக் கேசட்டுகளும் பழைய பிளாஸ்டிக்கோடு எடை போடப்படுகின்றன. இப்படி அநாதையாகிவிட்ட பண்டங்களைத் தேடித் திரியும் சிறு கூட்டம் ஒன்று இந்த நகரத்தில் உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரத்தில் இறங்கினால், பழைய டிரங்க் ரோட்டின் ஓரமாகச் செடிக்கன்றுகளும் புறாக் கூண்டுகளும் துருவேறிய கிரைண்டர்களும் உயிர் போன தொலைபேசிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும் அந்தச் சந்தையில், நாம் தேடுகிற சாமான் எப்போதும் குவியலின் அடியில்தான் அகப்படும். ரிச்சி தெருவில் இப்போது புதுச் சரக்கின் ஆதிக்கம். பர்மா பஜாரிலும் அப்படியே. 1985 மே 30-ஆம் தேதி தீக்கிரையான மூர் மார்க்கெட் இன்றைக்கு இருந்திருந்தால் அங்கே இதற்கென்று ஒரு மூலையே ஏற்பட்டிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். சந்தையில் பெரும்பாலான கடைவிரிப்புகளில் மின்சாரம் கிடையாது. "ஓடுமா?" என்று கேட்டால் "ஓடும் சார், எடுத்துட்டுப் போங்க" என்ற பதில்தான் அத்தாட்சி, ரசீது, உத்தரவாதம் எல்லாம். விஷயம் தெரிந்தவர்கள் கேசட்டைத் திருப்பி, அடியிலுள்ள செம்புப் பற்கள் கறுத்திருக்கின்றனவா, பச்சை பூத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கறுப்பு, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குப் பெரும்பாலும் போய்விடும். பச்சைக்கு அவ்வளவு சுலபத்தில் பரிகாரம் இல்லை. சிறு வயதில் வாயால் ஊதி ஊதி விளையாடினோமே, அந்த ஊதலின் ஈரத்துக்கும் இந்தப் பச்சையில் பங்கு உண்டு.

இந்தக் கூட்டத்தாரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. இவர்களில் பெரும்பாலோர், வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஜப்பானிய நின்டென்டோ கம்பெனியின் முத்திரை பதித்த அசல் சரக்கை மாத்திரம் நாடி, முத்திரையில்லாத கேசட்டுகளை "டூப்ளிகேட்" என்று இடக்கையால் ஒதுக்குகிறார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது நியாயமாக இருக்கலாம். சென்னையில் அசல் எங்கே இருந்தது? 1983 ஜூலையில் ஜப்பானில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் இயந்திரத்தைத் தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்து, அறுபது பல் கொண்ட அதே கேசட்டுகளை மலிவாக அடித்து அனுப்பியபோது, இங்கே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டியது அந்த நகல் ஒன்றே. மதுபானத்துக்குப் பெயர்போன ஷா வாலஸ் கம்பெனி 1995-ல் சேகாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மெகா டிரைவ் என்னும் அதன் விளையாட்டு இயந்திரத்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்பது சதவீத இறக்குமதி வரியைத் தவிர்ப்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். அப்படியிருந்தும் விலை 18,000 ரூபாய். ஒரு குமாஸ்தா பல மாதம் குடும்பம் நடத்தும் தொகையைப் பிள்ளையின் விளையாட்டுக்குக் கொடுக்க எத்தனை தகப்பன்மாரால் முடிந்திருக்கும்? வரி அசலை வாசலிலேயே தடுத்து நிறுத்தியது. வெளிநாட்டுச் சரக்கைக் கைப்பெட்டியில் கொண்டுவரும் குருவிகளின் மூலம் போலி வந்து சேர்ந்தது.

ஆகவே, நம் ஊரின் பால்ய சரித்திரத்துக்கு ஆதாரம் அந்தப் போலிதான். அதில் 9999 ஆட்டங்கள் இருப்பதாக மேலட்டை பிரகடனம் செய்யும். உள்ளே போனால் ஏழெட்டு ஆட்டங்களே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கி, திரும்பத் திரும்ப வரும். ஆட்டத்தை ஆக்கியவரின் பெயரைப் பல கேசட்டுகளில் முதல் திரையிலேயே அழித்திருப்பார்கள். அதனால் கான்ட்ரா என்னும் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகளுக்குக் கோனாமி என்ற கம்பெனியின் பெயர் தெரியாது. ஆனால் முப்பது உயிர் பெறுவதற்கு எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்பது, அச்சிலோ எழுத்திலோ இல்லாமல், வாய்மொழியாகவே தெருத் தெருவாகப் பரவியிருந்தது. கேசட்டின் முதுகில் இரவல் கொடுத்தவனின் பெயரும் "6-ஆம் வகுப்பு பி பிரிவு" என்ற விலாசமும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருப்பதை நான் கண்டதுண்டு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் சூப்பர் மாரியோ 64 கேசட்டு ஒன்று, உறை பிரிக்கப்படாத காரணத்தினாலேயே, 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஒருவரும் ஆடாத ஆட்டத்துக்கு அத்தனை மதிப்பு! பத்துப் பிள்ளைகள் கைமாறி ஆடித் தேய்த்த கேசட்டு பல்லாவரத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டில் எது ஒரு காலத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லக்கூடியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சாமானை மாத்திரம் காப்பாற்றினால் போதாது. வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்த கணத்தில் திரை முழுவதும் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரமாகப் பளிச்சிடும். துப்பாக்கியின் வாயிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மாத்திரமே செய்கிறது. இந்தத் தந்திரம் படக்குழாய் டெலிவிஷனில்தான் பலிக்கும். இன்றைய தட்டைத் திரையில் படம் சற்றே தாமதித்து வருவதால், எவ்வளவு நெருங்கிச் சுட்டாலும் வாத்து சிரித்துக்கொண்டே பறந்துவிடும். எனவே துப்பாக்கி வாங்குகிறவர் பழைய டெலிவிஷனும் தேட வேண்டியவராகிறார். இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு வேறு எவருக்கும் வாய்க்காத ஒரு பாக்கியம் உண்டு. 2006-க்குப் பின் அரசாங்கம் வீடு வீடாக இலவசமாய் வழங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதினான்கு அங்குல வண்ணப் பெட்டிகள் அனைத்தும் படக்குழாய் ஜாதியே. அவை இப்போது பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. தேர்தல் வாக்குறுதி ஒன்று வாத்து வேட்டைக்கு இவ்விதம் உபகாரம் செய்யும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-ல் அந்நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதுவும் முறையாகப் பிரசுரமான ஆட்டங்களின் கதி; பிரசுரகர்த்தரே இல்லாத நம் போலிகளுக்குக் கணக்கெடுப்பவர் யார்? 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். கேசட்டு புத்தகமல்லவே. நம் சட்டத்தில் வீடியோ கேமுக்கு இடமே இல்லையென்று சொல்வதற்கும் இல்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின் அட்டவணையில் அது இடம்பெற்றிருக்கிறது, கழிவு என்ற அந்தஸ்தில்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர், உயர்ந்த இலக்கியத்தோடு நில்லாமல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று படித்தவர்கள் குப்பையென்று தள்ளியவற்றையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 1994-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டீஸ்களைத் தேடித்தான் அங்கே போகிறார்கள். சந்தையில் குனிந்து குவியலைக் கிளறுகிற நம் இளைஞர்கள், தாங்கள் அறியாமலே அந்தக் காரியத்தைத்தான் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் அநேகர் அட்டைப்பெட்டியை எறிந்துவிட்டு, பேனா எழுத்தைத் துடைத்துவிட்டு, இயந்திரத்தைப் புதிதுபோல் மினுக்கி இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள் என்பதே என் வருத்தம். லாபம் சம்பாதிப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. வெயிலில் அலைந்தவனுக்கு அது உரியதே. பெட்டியையும் கடைச் சீட்டையும் சேர்த்தே விற்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆழ்வார்பேட்டைக் குடியிருப்புச் சங்கங்கள் போகிப் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பரண் சாமான்களுக்காக ஒரு பொது விற்பனை வைக்கலாம். எல்டாம்ஸ் ரோட்டிலும் டிடிகே சாலையிலும் புடவை விற்பனைக்குக் கிடைக்கிற மண்டபம் இதற்கும் கிடைக்காமற்போகாது. விற்றது போக மிஞ்சும் டிவி கேம்களை, எந்த வருஷம் எந்தக் கடையில் வாங்கியது என்ற குறிப்போடு, ஏதேனும் ஒரு நூலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் அலமாரியும், அதன் அருகில் ஒரு படக்குழாய் டெலிவிஷனும், மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஓட்டிப் பார்க்க ஆர்வமுள்ள ஓர் ஊழியரும் போதும்.