பாடியவருக்குப் பங்கில்லாப் பாட்டு

ஜமேக்க இசை பற்றிப் பேசுவோரிடையே ஒரு வாய்பாடு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1981இல் பொப் மார்லி மறைந்ததோடு றெகேயின் உயிர்ப்பும் மறைந்துவிட்டது. அதன்பின் மேலோங்கிய டான்ஸ்ஹோல், பழைய தாளத்தின் மேல் வாய்க்கு வந்ததைச் சொல்லும் கேளிக்கை. அதிலே படைப்பு என்று கூற எதுவுமில்லை என்பதே அவ்வாய்பாடு. இரசனை பற்றிய தீர்ப்பாக மட்டும் இது நின்றிருப்பின் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயின், இத்தீர்ப்புக்கு ஒரு பொருளாதாரப் பயனும் உண்டு. படைப்பே இல்லாதவிடத்து, படைத்தவருக்குப் பங்கு கொடுக்க வேண்டிய கடப்பாடும் இல்லையல்லவா? சிஸ்ரர் நான்சியின் வரலாறு இவ்வுறவைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஒப்லின் றசல் என்ற இயற்பெயருடைய நான்சி, ஜமேக்கா சுதந்திரமடைந்த 1962ஆம் ஆண்டிலே கிங்ஸ்ரனிற் பிறந்தவர். பதினைந்து பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். இவரது தமையனார் பிறிகேடியர் ஜெரி அக்காலத்து டீஜேக்களுள் பெரும் பெயர் பெற்றவர். டீஜே என்ற சொல்லை ஈண்டு இசைத்தட்டுச் சுழற்றுபவர் என்று கொள்ளலாகாது. ஜமேக்காவில் அத்தொழிலைச் செய்பவர் செலெக்டர். தட்டின் மறுபக்கத்திலே குரல் நீக்கப்பட்டு வெறும் தாளமாக ஒலிக்கும் வேர்ஷனின் மேல், சொற்களைக் கட்டிச் சொல்பவரே டீஜே. தெருவோரத்து வெளியிலே ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, இரவு முழுவதும் மக்களை ஆடவைக்கும் சவுண்ட் சிஸ்ரமே அவரது மேடை. சொல் பிசகினாலோ தாளம் தவறினாலோ கூட்டம் அக்கணமே தீர்ப்பு வழங்கிவிடும். விமர்சகர்கள் எளிதென எண்ணும் இக்கலைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை மண்டபம் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்கள் தமதென்று வைத்திருந்த அம்மேடையிலே பதின்ம வயதில் ஒலிவாங்கியைப் பற்றியவர் நான்சி. டான்ஸ்ஹோலின் முதற் பெண் டீஜே என்று அவரை இன்று போற்றுகின்றனர். அன்று போற்றியோர் சிலரே.

1980இல் தயாரிப்பாளர் வின்ஸ்ரன் றைலி அவரது முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1982இல் ‘வன், ரூ’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. அத்தொகுப்பை நிறைவு செய்ய இன்னுமொரு பாட்டுத் தேவைப்பட்டபோது பாடப்பட்டதே ‘பம் பம்’. அதன் அடித்தாளம் 1973இல் றைலியின் தயாரிப்பில் அன்சல் கொலின்ஸ் வாசித்த ‘ஸ்ராலாக் 17’. பல்லவிச் சொல்லும் புதிதன்று. 1966இல் ஜமேக்கப் பாட்டு விழாவிலே பரிசு பெற்ற மெய்ற்றல்ஸ் குழுவின் பாட்டில் ஏற்கெனவே இருந்தது. இவற்றின் மேல் நான்சி வைத்தது தமது குரலையும், பெண்ணொருத்தி இத்தொழிலுக்கு வந்ததை வியந்து நோக்கியோருக்கு அவர் கூறிய விடையையும்.

அப்பாட்டு அவரை விட்டுத் தனியே உலகம் சுற்றப் புறப்பட்டது. 1996இல் நான்சி ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூ ஜேர்சியிலே வங்கியொன்றிற் பணிபுரிந்தார். 1998இல் ‘பெலி’ என்ற திரைப்படத்தில் அவருடைய குரல் ஒலித்தது. பாட்டு வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமக்கு உரிமைப்பணம் எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர் பலமுறை கூறிய செய்தி. 2014இல் பாதணி நிறுவனமொன்றின் விளம்பரத்திலே அப்பாட்டைக் கேட்ட பின்னரே அவர் சட்டத்தின் துணையை நாடினார். இணக்கத்தின் முடிவில் உரிமையின் பாதி அவரைச் சேர்ந்தது.

தயாரிப்பாளர் தரப்பு நியாயம் யாவரும் அறிந்ததே. கலையகத்துக்கு வாடகை, வாத்தியக்காரருக்குக் கூலி, தட்டு அச்சிடும் செலவு என முதலிட்டவர் அவர். நட்டம் வந்திருப்பின் அதுவும் அவருடையதே. இதில் உண்மை உண்டு. ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்க்கவேண்டும். 1973இல் ஒருமுறை பதிவான ஸ்ராலாக் தாளத்தின் மேல் 1979இல் ஜெனரல் எக்கோ பாடினார்; 1982இல் நான்சி பாடினார்; 1985இல் ரெனர் சோ பாடினார். ஒருமுறை உழுது பல போகம் அறுத்த வயல் அது. ஒவ்வொரு போகத்திலும் புதிதாகச் சேர்ந்த உழைப்பு பாடுபவருடையது மட்டுமே.

பல்லவி இரவல், தாளம் பழையது, ஆகவே நான்சிக்கு எதில் உரிமை என்று கேட்போரும் உளர். இரவல் வாங்குவது ஜமேக்க இசையின் மரபு. அம்மரபு பொதுச் சொத்து. அவ்வாறாயின், அப்பொதுச் சொத்திலிருந்து பிறந்த தட்டு மாத்திரம் ஒருவரின் தனியுடைமையானது எவ்வாறு? பாடுபவர் கை நீட்டும்போது எல்லாம் பொது என்பதும், திரைப்படக் கம்பனி காசோலையோடு வரும்போது எல்லாம் எமது என்பதும் ஒரே வாயிலிருந்து வரத்தக்க இரு நியாயங்கள் அல்ல.

இம்முரண்பாட்டுக்குச் சட்டமும் துணை நின்றது. 1993இல் தனது சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, சுதந்திர ஜமேக்கா 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தையே சுமந்து வந்தது. ஒலிப்பதிவின் மூலத்தட்டு செய்யப்படும்போது அத்தட்டு யாருக்குச் சொந்தமோ அவரே அப்பதிவின் ஆசிரியர் எனக் கருதப்படுவார் என்பது அச்சட்டத்தின் வாசகம். தகட்டுக்கு உடையவர் ஆசிரியர். தகட்டிலே பேசும் குரலுக்கு உடையவர் எவருமல்லர்! சொற்களை யாத்தவர் என்ற வகையில் உரிமை கோர வழியொன்று இருந்ததென்னவோ உண்மையே. ஆனால் இருபது வயதில், வழக்கறிஞரோ எழுத்திலான ஒப்பந்தமோ இன்றிப் பாடப் போன கிங்ஸ்ரன் பெண்ணொருத்திக்கு அவ்வழியைக் காட்டியோர் யார்? அவள் அப்போதே கேட்டிருக்கலாமே என்பது, கேட்பதற்கும் பணம் வேண்டும் என்பதை மறந்தவர்களின் பேச்சு.

படைப்பில்லை என்போருக்கு இன்னுமொன்று. 2016இல் கன்யே வெஸ்ற்றும், 2017இல் ஜே-ஸீயும் தத்தம் பாட்டுகளுக்கு ‘பம் பம்’மை நாடினர். உலகின் மிகச் சிறந்த கலையகங்கள் அவர்கள் கையில் இருந்தன. தாளம் மட்டுமே வேண்டியிருந்தால் வாத்தியக்காரரைக் கூலிக்கு அமர்த்தி மீண்டும் வாசிப்பித்திருக்கலாம். பல்லவியை வேறு எவரைக் கொண்டும் பாடுவித்திருக்கலாம். அவர்கள் வெட்டியெடுத்து ஒட்டியது 1982இல், தொகுப்பை நிரப்புவதற்கென்று பதிவான நான்சியின் குரலைத்தான்.