மற்றும் ஊர்மக்கள்

சென்ற மாதம் பரிசு பெற்ற ஆவணப்படத்தைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். படத்தின் மேல் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. நடுவர் குழுவின் பாராட்டுரைதான் மூன்று வாரமாக உறுத்துகிறது. இயக்குநர் பத்தாண்டுகள் பழங்குடிகளோடு பழங்குடியாக வாழ்ந்து குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார் என்கிறது அது. படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது நான் எழுந்து போகாமல் உட்கார்ந்து படித்தேன். வண்ணம் திருத்தியவரின் உதவியாளருக்குப் பெயர் இருக்கிறது. படம் நெடுகப் பேசியவர்களுக்கு ஒரே ஒரு வரி: 'மற்றும் ஊர்மக்கள்'. பத்தாண்டுகள் கூடவே இருந்தவருக்கு அவர்கள் பெயர் தெரியாமலா இருக்கும்?

இதெல்லாம் சில்லறை விஷயம், வடிவத்தைப் பேசுங்கள் என்று இன்னோர் இதழ் எழுதியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆவணப்படம் பிறந்ததே இந்தக் குறையோடுதான்.

1922இல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தை இருபத்திரண்டு வயதில் ஒரு திரைப்படக் கழகத்தின் வெள்ளை வேட்டித் திரையில் பார்த்தேன். அன்றிரவு தூங்கவில்லை. இக்லூ கட்டி முடித்ததும் நானூக் சுவரில் ஒரு சதுரம் வெட்டி, அதில் பனிக்கட்டியைக் கண்ணாடிபோலப் பொருத்துகிறார். பிறகு வெட்டியெடுத்த துண்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்துகிறார். அதில் பட்ட வெயில் திரும்பி வீட்டுக்குள் விழுகிறது. ஒளியைப் பற்றி எந்தத் திரைப்படப் பள்ளியும் இதைவிடத் தெளிவாகப் பாடம் நடத்திவிட முடியாது.

அந்தக் கைகள் அல்லாகரியல்லாக் என்பவருடையவை. நானூக் என்றால் வெண்கரடி. அது படத்தின் இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி அவருக்கு வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் படத்தில் எங்குமே இல்லை. பணம் போட்ட ரோமத்தோல் வணிக நிறுவனமான ரெவியோன் ஃப்ரெரின் பெயர் தலைப்பிலேயே வருகிறது. படம் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அவர் இறந்துபோனார். பட்டினியில் செத்தார் என்று ஃப்ளாஹர்ட்டி எழுதினார். காசநோயாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். சாவைக்கூட அவருக்கு வேறொருவர்தான் எழுத வேண்டியிருந்தது.

நம் விமர்சகர்கள் நாற்பது வருடமாக வேறு வழக்கு நடத்துகிறார்கள். உள்ளே வெளிச்சம் போதாமல் பாதி இக்லூ மட்டும் கட்டிப் படம்பிடித்தது பொய்யா? துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பியது மோசடியா? ஆவணப்பட முன்னோடிகளான வெர்தோவ் வருவார், க்ரியர்சன் வருவார், 'சினிமா வெரித்தே' என்ற பாணி வரும். ஃபிலிம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்த ஒரு குடிசையில்தான் ஃபிலிமைக் கழுவிப் பிரதியெடுத்தார்கள். உறைபனியில் துளையிட்டு, தண்ணீரைப் பீப்பாய்களில் இழுத்து வந்து, அதில் மிதந்த பனித்துகளையும் உடுப்பிலிருந்து உதிர்ந்த மான்முடியையும் கையால் பொறுக்கி எடுத்தவர்கள் அல்லாகரியல்லாக்கின் இனத்தவரான இனுயிட்கள். இது ஃப்ளாஹர்ட்டியே எழுதிவைத்த செய்தி. அவர்கள் படமாக்கப்பட்டவர்கள் மட்டும் அல்ல, படக்குழுவும் அவர்கள்தான்! 'குரலற்றவர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த மான்முடிதான் நினைவுக்கு வருகிறது.

குரல் இல்லாதவர்களாக அவர்கள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கனடாவின் இக்லூலிக் கிராமத்துக்கு 1970களில் தொலைக்காட்சி வர இருந்தபோது, எங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லாத பெட்டி எங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு முறை வாக்களித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஊரின் சக்கரியாஸ் குனுக் 1981இல் தான் செதுக்கிய கற்சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று ஒரு வீடியோ கேமரா வாங்கி வந்தார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் இயக்கிய 'அட்டநார்ஜுவாட்' முழுக்க இனுக்டிடுட் மொழியிலேயே எடுக்கப்பட்டு, கான் விழாவில் தங்கக் கேமரா பரிசு பெற்றது. திரைக்கதை எழுதிய பால் அபாக் அதைப் பார்க்க இல்லை; 1998இலேயே போய்விட்டார்.

நடுவர்கள் அந்தப் படத்தைக் கடைசி நொடிவரை பார்க்கட்டும். ஆவணப்படம் அல்ல, பழங்கதைதான். ஆனால் கதை முடிந்த பிறகும் திரை அணைவதில்லை. தோலுடுப்புக்காரர்களுக்கு நடுவில் இன்றைய குளிர்ச்சட்டை போட்ட அதே ஊர்க்காரர்கள், கேமராவைச் சறுக்குவண்டியில் ஏற்றிக் கடற்பனியில் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். கூடவே பெயர்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றாக.