சால்வேஜ் டைட்டில் கார்: வாங்கலாமா, வேண்டாமா?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அமெரிக்காவில் கார்களுக்கும் இது பொருந்தும். மோதி நொறுங்கிய கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், ஆலங்கட்டி மழையில் உடம்பெல்லாம் குழி விழுந்த கார்... இன்ஷூரன்ஸ் கம்பெனி 'இது இனி தேறாது' என்று எழுதி, சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகும் அதை ஏலத்தில் எடுக்க ஆள் இருக்கிறார்கள். எடுத்தவர் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, மறுபடி ரோட்டில் விடுகிறார். அதே மாடல், அதே வருடம், அதே மைலேஜ் உள்ள நல்ல கார் 10,000 டாலர் என்றால் இது 7,000 டாலருக்குக் கிடைக்கும். சில சமயம் 6,000க்கே கிடைக்கும்.

பஸ் வசதி இல்லாத சிறிய பல்கலைக்கழக ஊரில் வந்து இறங்கும் மாணவனுக்கு இந்த விலை வித்தியாசம் சாதாரண விஷயம் இல்லை. ஒரு செமஸ்டர் சாப்பாட்டுச் செலவு அதில் அடங்கிவிடும். நான்கு பேர் பணம் போட்டு ஒரு பழைய கொரோலாவோ சிவிக்கோ தேடும்போது, பட்டியலில் மலிவாக நிற்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். 'தொடவே தொடாதே' என்பார் ஒரு சீனியர். 'அஞ்சு வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

செத்தது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

டைட்டில் என்பது கார் யாருடையது என்பதற்கான பத்திரம். அதை அந்தந்த மாநில அரசு கொடுக்கிறது. பழுது பார்க்கும் செலவு, காரின் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். பிறகு சரி செய்து, மாநிலத்தின் பரிசோதனையையும் முடித்தால் 'ரீபில்ட்' என்ற முத்திரை. இதற்கும் கீழே ஒரு ரகம் உண்டு. பாகங்களைக் கழற்றி விற்க மட்டும்தான் லாயக்கு, மறுபடி ரோட்டுக்கே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவை.

வேடிக்கை அந்த சதவீதத்தில் இருக்கிறது. ஓக்லஹோமாவில் 60, நியூயார்க்கில் 75, டெக்சாசில் 100. கலிபோர்னியாவில் சதவீதமே கிடையாது. சரி செய்வது கட்டுப்படியாகுமா என்ற கணக்கு மட்டும்தான். ஐந்து வருடப் பழைய கார் ஒன்றின் மதிப்பு 10,000 டாலர், பழுது செலவு 6,500 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஓக்லஹோமாவில் அது சால்வேஜ். எல்லையைத் தாண்டி டெக்சாஸ் வந்தால் இல்லை. கார் ஒன்றுதான், அடி ஒன்றுதான். விலாசம்தான் வேறு!

ஆகவே சால்வேஜ் என்பது எஞ்சினியர் கொடுத்த சான்றிதழ் இல்லை, கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு. 4,000 டாலர் பெறும் பழைய காரின் பம்பர், ஹெட்லைட், பானெட் மூன்றும் போனாலே கணக்கு இடித்துவிடும். காரின் எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே போல, திருடு போய், இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்து முடித்த பிறகு பத்திரமாகக் கிடைத்த காருக்கும் பல மாநிலங்களில் இந்த முத்திரை விழும். இப்படிப்பட்ட காரை வாங்குபவர் உண்மையிலேயே லாபம் பார்க்கலாம்.

லாபக் கணக்கு

ஆனால் அந்த லாபம் பட்டியலில் தெரியும் அளவுக்கு இருக்குமா? 10,000 டாலர் காரை 30 சதவீதம் குறைத்து 7,000க்கு வாங்கினால் 3,000 மிச்சம். சில வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போகும்போது, முத்திரை இல்லாத கார் 6,000க்குப் போகிறது என்றால் இது 4,200க்குத்தான் போகும். 1,800 அங்கே போயிற்று. உண்மையான மிச்சம் 1,200 டாலர். அதிலும் சால்வேஜ் என்றதும் பேசாமல் போனை வைத்துவிடுபவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்து, இரண்டு வாரத்தில் விற்றே ஆகவேண்டிய மாணவனுக்கு அந்த 1,200ம் நிற்காது.

மாறாக, கடைசி வரை ஓட்டி, காயலான் கடைக்கு அனுப்புகிறவருக்கு 3,000 டாலரும் முழுசாக மிச்சம். முத்திரை உள்ள கார், வைத்திருந்து ஓட்டுபவருக்கு உரியது. சீக்கிரம் விற்பவருக்கு அது ஆகாது.

இன்ஷூரன்ஸ் இன்னொரு தலைவலி. எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி கிடைத்துவிடும். சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி கொடுக்கப் பல கம்பெனிகள் மறுக்கின்றன. கொடுத்தாலும், பிறகு விபத்து நடந்தால் முத்திரைக்குத் தகுந்த குறைந்த மதிப்பைத்தான் தருவார்கள். பேங்க் கடனும் எளிதில் கிடைக்காது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் போட்டு வாங்கியவருக்கு ஒரே மோதலில் எல்லாம் போய்விடும்.

பணத்தோடு போகாத ஆபத்து

இதுவரை சொன்னது பணம். பணம் போனால் சம்பாதிக்கலாம். மூன்று விஷயங்களில் மட்டும் அந்த சமாதானம் செல்லாது.

முதலாவது ஏர்பேக். ஒரு முறை வெடித்த ஏர்பேக்கை மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். லாபம் பார்க்க நினைக்கும் ஆள் கை வைக்கும் முதல் இடம் இதுதான். காலி இடத்தை மூடி ஒட்டிவிடுவார், இல்லை மலிவான போலியை மாட்டிவிடுவார். 2024 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விபத்துக்குப் பிறகு மாற்றிப் பொருத்தப்பட்ட மட்டமான ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து, அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். இருவர் முகம் சிதைந்து உயிர் பிழைத்தார்கள். பிழைத்திருக்கக்கூடிய விபத்தில், காப்பாற்ற வேண்டிய பொருளே உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது.

இரண்டாவது வெள்ளம். 2005ல் கத்ரினா, 2012ல் சாண்டி, 2017ல் ஹார்வி என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் லட்சக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. இன்றைய காரில் கம்ப்யூட்டர்களும் சென்சார்களும் ஒயர்களும்தான் பாதி. வெள்ளத்தில் நின்ற கார் வாங்கும் அன்று ஓடும். ஆறு மாதம் கழித்து, கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஒரு நாள் நெடுஞ்சாலையில் திடீரென்று ஸ்டியரிங் இறுகும், இல்லை எஞ்சின் நிற்கும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். 2022ல் புளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு, கடல்நீர் புகுந்த சில எலக்ட்ரிக் கார்கள் நின்ற இடத்திலேயே தீப்பிடித்தன.

மூன்றாவது எலும்புக்கூடு. புதிய கார்களில் பயணிகள் இருக்கும் பகுதியைச் சுற்றி மிகக் கடினமான ஸ்டீல் போடுகிறார்கள். அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் பார்க்க நேராக இருக்கும், பலம் போயிருக்கும். அடுத்த மோதலில் எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்காது.

'அரசாங்கமே பரிசோதித்துத்தானே ரீபில்ட் முத்திரை கொடுக்கிறது?' என்று கேட்கலாம். பரிசோதனை உண்மைதான். ஆனால் எதைப் பரிசோதிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நியூயார்க்கில் நடப்பது திருட்டுத் தடுப்புப் பரிசோதனை. மாட்டிய பாகங்கள் திருட்டுப் பொருளா என்று பார்ப்பார்கள். வெல்டிங் தாங்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. பல மாநிலங்களில் கதை இதுதான்.

வெளுக்கப்பட்ட பத்திரம்

அப்படியானால் முத்திரை இல்லாத காரை வாங்கினால் தப்பித்துவிடலாமா? அதுவும் இல்லை. ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த காரை, விதிகள் தளர்வாக உள்ள வேறு மாநிலத்தில் பதிந்து, சுத்தமான பத்திரம் வாங்குவது பழைய தொழில். டைட்டில் வாஷிங் என்று பெயர், வண்ணான் துறை மாதிரி! இதைத் தடுக்க எல்லா மாநில விவரங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் தகவல் தளம் வேண்டும் என்று 1992லேயே சட்டம் போட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பழைய வண்டி யார்டுகளும் கட்டாயம் தகவல் தரவேண்டும் என்பது நடைமுறைக்கு வர 2009 ஆகிவிட்டது.

அந்தத் தளத்திலும் ஓட்டை உண்டு. இன்ஷூரன்ஸே கேட்காத சேதம் எந்தக் கணக்கிலும் ஏறாது. சொந்தக் காருக்குப் பாலிசி எடுக்காதவரின் கார் வெள்ளத்தில் மூழ்கினால், அவர் உலர்த்தித் துடைத்து, சுத்தமான பத்திரத்தோடு விற்றுவிடலாம்.

இதைப் பார்க்கும்போது சால்வேஜ் முத்திரையை இன்னொரு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அது காரின் குற்றப் பத்திரிகை இல்லை, காரின் வாக்குமூலம். 'எனக்கு ஒன்று நடந்தது' என்று அது ஒப்புக்கொள்கிறது. என்ன நடந்தது என்று விசாரிப்பது வாங்குபவரின் வேலை.

விசாரிப்பது எப்படி?

1. காரின் 17 இலக்க வின் நம்பரை வைத்து வரலாறு எடுக்க வேண்டும். திருட்டு, சால்வேஜ் விவரங்களை இன்ஷூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதே நம்பரை இணையத்தில் தேடினால், ஏலத்தில் நின்றபோது எடுத்த போட்டோக்கள் பல சமயம் அகப்படும். நொறுங்கிய நிலையைக் காட்டும் அந்தப் போட்டோக்கள் நூறு ரிப்போர்ட்டுக்குச் சமம்.

2. வெள்ளம் என்று தெரிந்தால் விலை எதுவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கலாம். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஈரம்... காருக்குள் வாசனை தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

3. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கை யாரோ ஊமையாக்கியிருக்கிறார்கள். எரிந்து அணைந்தால் மட்டும் போதாது, அதையும் ஏமாற்ற முடியும். எங்கே வாங்கிய ஏர்பேக் என்பதற்கு பில் கேட்க வேண்டும். விபத்தில் ஏர்பேக் வெடித்தது தெரிந்து, பில்லும் இல்லை என்றால் அந்தக் கார் வேண்டாம்.

4. விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போகாமல், வேறு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நூறு இருநூறு டாலர் கேட்பார். அதைக் கொடுக்க மனம் வராதவர் இந்தச் சந்தைக்கே வரக்கூடாது.

5. பணம் கொடுப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, இந்தக் காருக்கு என்ன பாலிசி தருவீர்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

முத்திரையே இல்லாத ஊர்

இந்தியாவில் நிலைமை என்ன? பழுது செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இங்கேயும் வண்டி டோட்டல் லாஸ்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலம் விடுகிறார்கள். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எந்த முத்திரையும் விழுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிக் கிடந்த கார்களை எத்தனை பேர் பார்த்தார்கள்! அவற்றில் மறுபடி ஓடுகிற கார் எது என்று ஆர்.சி.யைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அரசின் வாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ், கடன் விவரம் வரும். விபத்து வரலாறு வராது. இதைவிட மோசம், நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யும் சேஸிஸ் நம்பரும் திருட்டு வண்டிக்குப் புது ஜாதகம் எழுத உதவுகின்றன.

டோட்டல் லாஸ் பணம் கொடுத்த அன்றே அந்த விவரம் வாகன் தளத்தில் ஏறவேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. தளம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் தகவலும் இருக்கிறது. இரண்டையும் இணைப்பதுதான் பாக்கி. ஏலத்தில் விலை குறையும் என்று கம்பெனிகள் முனகலாம். அந்த விலை வித்தியாசத்தை இன்று கட்டிக்கொண்டிருப்பவர், எதுவும் தெரியாமல் முழு விலை கொடுத்து வாங்கும் அடுத்த ஆள்.

முடிவாக...

அமெரிக்காவில் இருப்பவர் சால்வேஜ் கார் வாங்கலாம். என்ன காரணத்தால் முத்திரை விழுந்தது என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அது வெள்ளமாக இருக்கக்கூடாது, ஏர்பேக்கும் எலும்புக்கூடும் தப்பியிருக்க வேண்டும், மொத்தப் பணமும் போனால் தாங்கும் நிலையில் வாங்குபவர் இருக்க வேண்டும், காரைக் கடைசி வரை வைத்திருக்கும் எண்ணமும் வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்த 3,000 டாலரை மறந்துவிட்டு, இன்னும் பழைய, இன்னும் அழகில்லாத, ஆனால் அடிபடாத காரைத் தேடுவது நல்லது. காரில் போகப்போவது பணம் போட்ட நான்கு பேர் மட்டும் இல்லை. ஏர்போர்ட்டில் இறங்கும் ஜூனியர், விசா கிடைத்துப் பார்க்க வரும் அம்மா அப்பா என்று எல்லோரும் அதே சீட்டில்தான் உட்காரப் போகிறார்கள். வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.